பூட்ஸுக்குள் ஒரு புட்டி

நான் பி.காம். படித்தவன். அக்கவுண்டன்சி வகுப்பில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் 'தொடக்கச் சரக்கிருப்பு' என்று எழுதினால் போதும். கடைசி பெஞ்சில் ஒரு 'களுக்' கேட்கும். கணக்கைப் போட்டு முடித்து 'இறுதிச் சரக்கிருப்பு' என்று எழுதுவதற்குள் அந்தக் களுக் மூன்று பெஞ்சு முன்னேறி வந்திருக்கும். ஒருநாள் மனிதர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எதுக்குடா சிரிக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. யார்கிட்டேருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது, உள்ளே என்ன இருக்கு... இந்த மூணும் புஸ்தகத்துல இருந்தாத்தான் அதுக்குப் பேர் சரக்கு. இல்லேன்னா அது வேற என்னமோ."

அன்றைக்கு அதற்கும் சிரித்தோம். வயசு அப்படி.

யோசித்துப் பாருங்கள். சரக்கு என்பது எத்தனை கௌரவமான வார்த்தை! சரக்கு ரயில், சரக்குக் கப்பல், மளிகைச் சரக்கு, நாட்டு மருந்துச் சரக்கு. ஆனால், ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருமுனையில் ஒருவர் இன்னொருவர் காதருகே குனிந்து "சரக்கு இருக்கா?" என்று கேட்டால், அவர் துவரம்பருப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எதற்காக இந்த மாற்றுப் பெயர்? இரண்டு காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒன்று, போலீஸின் காது. இரண்டு, நம்முடைய மனசாட்சியின் காது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அது கொஞ்சம் கசப்பானது. அதைச் சொல்லத்தான் உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகப் போகிறேன். அங்கே இதே மாதிரி ஒரு வார்த்தை உண்டு. பூட்லெக்.

இங்கிலீஷில் இன்றைக்கு அனுமதி இல்லாமல் விற்கிற எதற்கும் அதுதான் பெயர். திருட்டு சிடி, கள்ளத்தனமாகப் பதிவு செய்த கச்சேரி, போலி பிராண்ட் சட்டை. எல்லாமே பூட்லெக். ஆனால், பிறக்கும்போது அதற்கு அப்படி எந்தக் கெட்ட அர்த்தமும் கிடையாது. சுத்தமான செருப்புக்கடை வார்த்தை.

*

கௌபாய் படங்கள் பார்த்திருப்பீர்கள். முழங்கால் வரைக்கும் ஏறுகிற பூட்ஸ். அதில் பாதத்துக்கு மேலே, காலைச் சுற்றி நிற்கும் குழாய் மாதிரியான பகுதி இருக்கிறதல்லவா? அதற்குத்தான் பூட்லெக் என்று பெயர். பூட்ஸின் கால். அவ்வளவுதான்.

1834ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பூர்வகுடிகள் வசிக்கும் நிலப்பகுதிக்குள் யாரும் சாராயம் கொண்டுபோகக் கூடாது, விற்கக் கூடாது. (பூர்வகுடிகளுக்கு மது விற்பதற்கு எதிரான மத்திய அரசின் சட்டங்கள் 1953 வரைக்கும் நீடித்தன.) சட்டம் போட்டாயிற்று. வியாபாரி சும்மா இருப்பானா? குதிரையில் வருகிறவனைச் சோதனை போட்டால் எங்கே பார்ப்பார்கள்? சேணப் பை, கோட்டுப் பாக்கெட். காலைத் தூக்கச் சொல்லி யாரும் பார்ப்பதில்லை. தட்டையான ஒரு புட்டியை பூட்ஸுக்குள் செருகிக்கொண்டான். உள்ளே போனான். விற்றான். வெளியே வந்தான். பூட்ஸின் காலில் சரக்கு கொண்டுபோகிறவன் பூட்லெகர் ஆனான். அவன் கொண்டுபோகிற சரக்கு பூட்லெக் ஆனது.

1880களில் இந்த வார்த்தை செய்தித்தாள்களுக்குள் வந்துவிட்டது. அதற்குள் சில மாநிலங்கள் தனித்தனியாக மதுவிலக்கைக் கொண்டுவந்திருந்தன. மெய்ன் மாநிலம் 1851லேயே. கான்சாஸ் 1881ல். அயோவாவிலும் தடை. 1889ல் ஓமஹா நகரப் பத்திரிகை ஒன்று, அயோவாவில் முன்பு எவ்வளவு குடித்தார்களோ அதே அளவுதான் இப்போதும் குடிக்கிறார்கள், மருந்து என்ற பெயரிலும் பூட்லெக் வழியிலும், என்று எழுதியது. ஆக, தேசம் முழுவதற்கும் தடை வருவதற்கு முப்பது வருஷம் முன்பே வார்த்தை தயார்.

இதைவிட ரசமான பெயர் ஒன்று உண்டு. 1838ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வினோதமான சட்டம் வந்தது. சாராயம் வாங்குவதென்றால் ஒரே தடவையில் 15 காலன் வாங்கவேண்டும். அதற்குக் குறைவாக விற்கக் கூடாது. 15 காலன் என்றால் கிட்டத்தட்ட 57 லிட்டர். பணக்காரன் வண்டி கொண்டுவந்து வாங்கிப் போய்விடுவான். ஒரு டம்ளருக்குக் காசு வைத்திருப்பவன் என்ன செய்வான்?

ஒரு ஆள் யோசித்தான். ஒரு பன்றியைப் பிடித்து உடம்பு முழுக்கக் கோடு கோடாக பெயிண்ட் அடித்தான். கூடாரத்துக்குள் கட்டிவைத்தான். 'கோடு போட்ட அதிசயப் பன்றி! பார்க்கக் கட்டணம் ஆறு சென்ட்!' காசு கொடுத்துப் பன்றியைப் பார்த்தவர்களுக்கு ஒரு கோப்பை மது இலவசம். மது விற்பனை எங்கே நடந்தது? நடக்கவே இல்லை. பன்றிதானே காட்டினான்! போனவர்களெல்லாம் திரும்பத் திரும்பப் போய் அந்தப் பன்றியைப் பார்த்தார்களாம். பிற்பாடு கள்ளத்தனமான மதுக்கடைக்கு 'குருட்டுப் பன்றி' என்றே ஒரு பெயர் அமெரிக்காவில் நிலைத்தது. அந்த 15 காலன் சட்டம் இரண்டே வருஷத்தில் செத்துப்போனது.

சிரிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒன்றை மட்டும் இங்கேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தடை எல்லாருக்கும் ஒரே மாதிரித் தடையாக இருந்ததில்லை. வண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு மாதிரி. ஆறு சென்ட் வைத்திருப்பவனுக்கு வேறு மாதிரி.

*

1920 ஜனவரி 17. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அரசியல் சாசனத்தையே திருத்தி, பதினெட்டாவது திருத்தமாகக் கொண்டுவந்தார்கள். அதை எப்படி அமல்படுத்துவது என்பதற்கு 1919 அக்டோபரில் வோல்ஸ்டெட் சட்டம். ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதை நிராகரித்துத் திருப்பி அனுப்ப, நாடாளுமன்றம் அவரையும் மீறி நிறைவேற்றியது.

சட்டத்தின் வாசகத்தைக் கவனமாகப் பார்க்கவேண்டும். மது தயாரிக்கக் கூடாது. விற்கக் கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. குடிக்கக் கூடாது? ம்ஹூம். அப்படி ஒரு வரி கிடையாது. தடை வருவதற்கு முன்னால் வாங்கி வீட்டில் வைத்திருந்தால் அது உங்கள் சொத்து. தாராளமாகக் குடிக்கலாம். ஆகவே, வசதி இருந்தவர்கள் 1919லேயே வாங்கி அடுக்கினார்கள். நியூயார்க்கில் யேல் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர்களின் க்ளப் ஒன்று உண்டு. பதினாலு வருஷத்துக்குப் போதுமான சரக்கை அது வாங்கி வைத்ததாகச் சொல்வார்கள். மதுவிலக்கு நீடித்ததும் ஏறக்குறைய பதினாலு வருஷம்தான். இதற்குப் பெயர்தான் சரக்கு மேலாண்மை!

இன்னும் சில ஜன்னல்களும் திறந்திருந்தன. தேவாலயத்துக்கு ஒயின் உண்டு. டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் விஸ்கி உண்டு, பத்து நாளைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. வீட்டில் பழரசம் தயாரித்துக்கொள்ளலாம். பழரசம் தானாகப் புளித்துப்போனால் நாம் என்ன செய்யமுடியும்? திராட்சையைக் காயவைத்துச் செங்கல் மாதிரி அழுத்தி விற்றார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும்! செய்முறைக் குறிப்பை எச்சரிக்கையாக எழுதுகிற கலை அது.

தேவை இருக்கிறது. சப்ளையைத் தடுத்தாயிற்று. விலை என்ன ஆகும்? பி.காம். முதல் வருஷப் பாடம். ஏறும். விலை ஏறினால் யார் வருவார்கள்? ரிஸ்க் எடுக்கத் தயாராக இருப்பவன் வருவான். பூட்ஸுக்குள் புட்டி வைத்திருந்த பழைய வார்த்தையைத் தூசி தட்டி அவனுக்குச் சூட்டினார்கள். இப்போது அவன் பூட்ஸுக்குள் கொண்டுவரவில்லை. லாரியில் கொண்டுவந்தான். படகில் கொண்டுவந்தான். பெயர் மட்டும் அதேதான்.

பெயர்கள் என்றால் அந்தக் காலகட்டம் ஒரு திருவிழா. கள்ள மதுக்கூடத்துக்கு 'ஸ்பீக்ஈஸி', அதாவது மெதுவாகப் பேசு. மலைக்காட்டில் ராத்திரியில் காய்ச்சுகிற சாராயத்துக்கு 'மூன்ஷைன்', நிலா வெளிச்சம். வீட்டில் கலந்து தயாரிப்பதற்கு 'பாத்டப் ஜின்', குளியல்தொட்டி ஜின். ஒவ்வொன்றும் எத்தனை செல்லமாக இருக்கிறது பாருங்கள். குற்றம் மாதிரியே இல்லை. தீபாவளி ரிலீஸ் மாதிரி இருக்கிறது.

மதுவிலக்கு ஆதரவாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. மாசசூசெட்ஸைச் சேர்ந்த டெல்சிவேர் கிங் என்கிற செல்வந்தர் ஒரு போட்டி அறிவித்தார். சட்டத்தை மீறிக் குடிப்பவனை அவமானப்படுத்துகிற மாதிரி, சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு புது வார்த்தை வேண்டும். பரிசு 200 டாலர். 25,000க்கும் மேற்பட்ட வார்த்தைகள் வந்து குவிந்தன. 1924 ஜனவரியில் முடிவு. ஒரே வார்த்தையை அனுப்பியிருந்த இரண்டு பேர் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வார்த்தை, 'ஸ்காஃப்லா'. சட்டத்தை எள்ளி நகைப்பவன்.

தைத்ததா? அதே மாதத்துக்குள் பாரிஸில் ஹாரி என்பவரின் மதுக்கூடத்தில் ஒரு புதிய காக்டெயில் விற்பனைக்கு வந்தது. பெயர், ஸ்காஃப்லா.

திட்டுவதற்காகக் கண்டுபிடித்த வார்த்தையைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி.

*

வருமான வரித்துறை இதையெல்லாம் எப்படிப் பார்த்தது? எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது. படித்த படிப்பு அப்படி.

தெற்கு கரோலினாவில் சல்லிவன் என்று ஒரு பூட்லெகர். 1921ம் வருஷ வருமானத்துக்கு அவர் கணக்கு தாக்கல் செய்யவில்லை. கேட்டால், 'இது சட்டவிரோத வருமானம். இதை எழுதிக் கொடுத்தால் என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லவேண்டியதில்லை என்று அரசியல் சாசனமே சொல்கிறதே' என்று வாதம். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927ல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். வருமானம் எந்த வழியில் வந்தாலும் வருமானம்தான். ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் ஆகவேண்டும்.

இந்த ஒரு தீர்ப்பின் முதுகில் ஏறித்தான் அல் கபோனைப் பிடித்தார்கள். சிகாகோவையே கையில் வைத்திருந்த மனிதர். எத்தனையோ கொலைகளோடு அவர் பெயர் பேசப்பட்டது. எதுவும் நிரூபணமாகவில்லை. 1931 அக்டோபரில் வரி ஏய்ப்புக்காக 11 வருஷம் சிறை. துப்பாக்கியால் முடியாததைக் கணக்குப்புத்தகம் செய்தது.

இந்தக் கதைகளைத்தான் சினிமா எடுப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜாஸ் இசை, தொப்பி வைத்த ரௌடிகள், ரகசியக் கதவு. பூட்லெக் என்றவுடன் கண்ணுக்கு முன்னால் வருவது அதுதான். சினிமாவில் வராத பக்கம் ஒன்று இருக்கிறது. இனி அது.

*

தொழிற்சாலைகளுக்கு ஆல்கஹால் வேண்டும். பெயிண்ட், வார்னிஷ், மருந்து, வாசனைத் திரவியம் என்று ஆயிரம் உபயோகம். குடிக்கிற ஆல்கஹாலுக்கு வரி உண்டு, தொழிற்சாலை ஆல்கஹாலுக்குக் கிடையாது. வரி இல்லாததை யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக 1906லிருந்தே அதில் வேறு ரசாயனங்களைக் கலப்பார்கள். முக்கியமாக மெத்தனால். நம் ஊர் மெதிலேட்டட் ஸ்பிரிட் இந்த வகைதான்.

மதுவிலக்கு வந்ததும் கள்ளச் சந்தைக்கு இதுதான் மூலப்பொருள் ஆயிற்று. திருடினார்கள். கெமிஸ்டுகளைச் சம்பளத்துக்கு வைத்து, கலந்த விஷத்தைப் பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். முழுவதுமாகப் பிரிக்கமுடியாது. முடிந்தவரை பிரித்து, கலர் சேர்த்து, பாட்டிலில் அடைத்து விற்றார்கள். அரசாங்கம் என்ன செய்தது? கலக்கிற விஷத்தைக் கூட்டியது. அவர்கள் இன்னும் பிரித்தார்கள். இவர்கள் இன்னும் கூட்டினார்கள். நடுவில் ஒருவன் குடித்துக்கொண்டிருந்தான்.

1926. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி. நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரிக்குள் ஒரு ஆள் தள்ளாடிக்கொண்டே ஓடிவந்தான். சாண்டா கிளாஸ் பேஸ்பால் மட்டையோடு என்னைத் துரத்துகிறார் என்று அலறினான். குடிகாரன் உளறுகிறான் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் செத்துப்போனான். பிறகு இன்னொருவர். இன்னொருவர். கிறிஸ்துமஸ் அன்று மாலைக்குள் 60 பேருக்கு மேல் உயிருக்குப் போராடினார்கள். 8 பேர் இறந்திருந்தார்கள். அடுத்த இரண்டு நாளில் நகரத்தில் மேலும் 23 பேர்.

மெத்தனால் எப்படிக் கொல்கிறது தெரியுமா? குடித்த உடனே எதுவும் தெரியாது. சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். பிறகு ஃபார்மிக் அமிலமாக. எறும்புக் கடியில் இருக்கிறதே, அதே அமிலம். அது முதலில் தாக்குவது கண் நரம்பை. பார்வை மங்கும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். விசித்திரம் என்னவென்றால், இதற்கு மாற்றுமருந்துகளில் ஒன்று சுத்தமான எத்தனால். அதாவது, நல்ல ஆல்கஹால். கல்லீரல் முதலில் அதைக் கவனிக்கப் போய்விடும். மெத்தனால் விஷமாக மாறாமல் மெல்ல வெளியேறும். பணக்காரன் குடித்தது ஏழையைக் காப்பாற்றக்கூடிய மருந்தாக இருந்தது. ஏழைக்குக் கிடைத்தது மற்றது.

நியூயார்க் நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ். அவரிடம் அலெக்சாண்டர் கெட்லர் என்று ஒரு அற்புதமான நச்சியல் நிபுணர் இருந்தார். இருவரும் பிணத்துக்குப் பிணம் பரிசோதித்து எழுதிவைத்தார்கள். நாரிஸ் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே பேசினார். விஷம் கலந்தும் ஜனங்கள் குடிப்பதை நிறுத்தவில்லை என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். தெரிந்தும் கலக்கிறார்கள் என்றால் சாவுகளுக்குத் தார்மிகப் பொறுப்பு அவர்களுடையதுதான். நல்ல சரக்கு வாங்கக் காசில்லாதவர்கள்தான் சாகிறார்கள் என்பதையும் சொன்னார்.

மறுபக்கத்துப் பதில் என்ன? மதுவிலக்குக்காகப் போராடிய சலூன் எதிர்ப்பு லீகின் தலைவர் வேய்ன் வீலர், விஷம் என்று தெரிந்து குடிப்பவன் தற்கொலை செய்துகொள்கிறான் என்றார். ஒரு கணம் அது நியாயம் மாதிரிகூடத் தோன்றும். பீப்பாய் மேல் 'விஷம்' என்று எழுதியிருந்ததே!

பீப்பாய் மேல் எழுதியிருந்தது. உண்மை. குடித்தவன் பீப்பாயைப் பார்த்தானா? அவனிடம் வந்து சேர்ந்தபோது அதன் பெயர் ஜின். அதன் பெயர் விஸ்கி. அதன் பெயர் பூட்லெக்.

1927 ஜனவரியில் மெத்தனால் அளவை இரண்டு மடங்காக்கிய புதிய ஃபார்முலா நடைமுறைக்கு வந்தது.

*

தடை செய்யாத இடத்திலும் இந்தச் செல்லப்பெயர் என்ன செய்தது என்பதற்கு ஒரு கடைசிக் கதை.

அமெரிக்க மருந்துக்கடைகளில் ஜமைக்கா ஜிஞ்சர் என்று ஒரு மருந்து வெகுகாலமாக உண்டு. இஞ்சிச் சாறு. வயிற்றுவலிக்கு நல்லது. உள்ளே எழுபது, எண்பது சதவிகிதம் ஆல்கஹால். மதுவிலக்குக் காலத்தில் டாக்டர் சீட்டுக்கு ஆகிற செலவைத் தாங்கமுடியாத ஏழைகளுக்கு இதுதான் விஸ்கி. 60 மில்லி பாட்டில், சுமார் 35 சென்ட். சோடாவில் கலந்து அடிப்பார்கள். அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஜேக்'. ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் பெயர் மாதிரி.

அரசாங்கம் சும்மா இல்லை. இஞ்சிச் சத்து இத்தனை இருக்கவேண்டும் என்று விதி போட்டது. அந்த அளவில் இருந்தால் கசப்பில் யாராலும் குடிக்கமுடியாது. இன்ஸ்பெக்டர் வந்து கொதிக்கவைத்துப் பார்ப்பார். ஆவியானது போக அடியில் தங்குகிற கசடு சரியான எடை இருக்கிறதா? சரி, பாஸ். ஆகவே, இஞ்சிக்குப் பதிலாக வேறு எதையாவது சேர்த்து எடையைக் காட்டினால் போதும். விளக்கெண்ணெய் சேர்த்துப் பார்த்தார்கள். பாஸ்டனில் ஹாரி கிராஸ் என்று ஒரு வியாபாரி. ஆவியாகாத, நிறமில்லாத, ருசி தெரியாத, விலை மலிவான ஒன்றைத் தேடினார். பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் வளையும்படி ஆக்குவதற்குத் தொழிற்சாலைகள் உபயோகிக்கும் ஒரு எண்ணெய் கிடைத்தது. டி.ஓ.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது விஷமில்லை என்று அப்போது நம்பப்பட்டது.

1930 பிப்ரவரியில் ஓக்லஹாமா சிட்டி டாக்டர்களிடம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கால் மரத்துப்போகிறது. பாதம் தொங்குகிறது. நடந்தால் முழங்காலை உயரத் தூக்கி, முன்பாதம் முதலில் தொம்மென்று விழுகிறது, பிறகு குதிகால். தொம், டக். தொம், டக். குடித்துப் பத்து நாள் கழித்துத்தான் இது ஆரம்பித்தது. அந்த எண்ணெய் நரம்பை மெல்லத் தின்றிருந்தது. தென்மாநிலங்கள் பூராவும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள். அந்த நடைக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். 'ஜேக் லெக்'. ஜேக்கின் கால். அந்த வருஷமே அதைப் பற்றி ப்ளூஸ் பாட்டுகள் ரெக்கார்டாக வந்தன.

பூட்ஸின் காலில் ஆரம்பித்த விவகாரம், மனிதனின் காலில் வந்து முடிந்திருக்கிறது பாருங்கள்.

கிராஸுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் என்ன தண்டனை? ஆளுக்கு 1,000 டாலர் அபராதம். இரண்டு வருஷச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. நிபந்தனையை மீறியதால் கிராஸ் மட்டும் பிற்பாடு உள்ளே போனார். கால் போனவர்கள் சங்கம் வைத்துப் பார்த்தார்கள். நஷ்டஈடு? யாரிடம் கேட்பது? எதைச் சொல்லிக் கேட்பது? பாட்டிலில் எழுதியிருந்தது மருந்து. அவன் வாங்கியது போதை. பில்லில் இல்லாத பொருளுக்கு எவன் கேரண்டி தருவான்?

*

1933 டிசம்பர் 5. இருபத்தியொன்றாவது திருத்தம் வந்து, பதினெட்டாவது திருத்தத்தை ரத்து செய்தது. புட்டிகளில் மறுபடி லேபிள் ஏறியது. தயாரித்தவன் பெயர், ஊர், அளவு, எத்தனை சதவிகிதம். பூட்லெகர்கள் பலருக்கு வேலை போய்விட்டது.

வார்த்தைக்கு வேலை போகவில்லை. 1969ல் பாப் டிலனின் வெளிவராத பாட்டுகளை யாரோ திரட்டி, லாஸ் ஏஞ்சலிஸில் இசைத்தட்டாகப் போட்டு விற்றார்கள். அட்டையில் எதுவும் எழுதவில்லை. வெறும் வெள்ளை அட்டை. அதையும் பூட்லெக் என்றார்கள். 1991ல் டிலனின் சொந்தக் கம்பெனியே அவருடைய பழைய பதிவுகளை அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'பூட்லெக் சீரீஸ்'. திருட்டுச் சரக்கின் பெயர் நல்ல சரக்கின் பிராண்ட் ஆகிவிட்டது. பாட்டு விஷயத்தில் பரவாயில்லை. கேட்டால் காது போகாது.

இப்போது அந்த மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். தடை செய்த பொருளுக்கு லேபிள் கிடையாது. பில் கிடையாது. தயாரித்தவன் பெயர் கிடையாது. ஆனாலும், வாங்குகிறவன் எதையாவது நம்பித்தானே வாங்கவேண்டும்? அந்த நம்பிக்கையைத்தான் செல்லப்பெயர் கொடுக்கிறது. லேபிள் இருக்கவேண்டிய இடத்தில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. எல்லாரும் சொல்கிற பெயர், பழகின பெயர், சிரித்துக்கொண்டே சொல்கிற பெயர். அதற்குள் இருப்பதும் பழகினதாகத்தான் இருக்கும் என்று மனசு நினைத்துவிடுகிறது. ஜேக் என்று கேட்டு வாங்கினவன் யாரும் அதற்குள் என்ன எண்ணெய் என்று கேட்கவில்லை.

அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடமுடியாது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் மதராஸ் மாகாணம் முழுவதும் வந்தது. அந்த நாள்களில் டிஞ்சரும் வார்னிஷும் குடித்தவர்களின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பிறகு தடை போனது, வந்தது, மறுபடி போனது. கடையை அரசாங்கமே நடத்த ஆரம்பித்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும், 2023 மே மாதம் மரக்காணம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் மட்டும் 65 பேருக்கு மேல். இரண்டு இடத்திலும் அதே மெத்தனால். 1926ல் பெல்வியூ ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த அதே ரசாயனம். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்குகிற காசு கையில் இல்லாதவர்கள். அவர்கள் குடித்ததற்கும் ஒரு பெயர் இருந்தது. பாக்கெட். எண்ணெய் பாக்கெட், பால் பாக்கெட் மாதிரி, வெறும் பாக்கெட்.

தடை சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அது பெரிய விவாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதையும் மறந்துவிடக் கூடாது. நான் சொல்வது வார்த்தையைப் பற்றி மட்டும்தான். அடுத்த தடவை இந்த மாதிரி ஒரு செல்லப்பெயர் காதில் விழுந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது?

எங்கள் பேராசிரியர் இப்போது இல்லை. அவர் சொன்ன மூன்று விஷயங்கள் ஞாபகம் இருக்கிறதல்லவா? யாரிடமிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது, உள்ளே என்ன இருக்கிறது. கள்ளக்குறிச்சிச் செய்தி வந்த அன்றைக்கு அதைத்தான் நினைத்துக்கொண்டேன். பாக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருந்தது.

விலை.